சோற்றுக்கு எத்தனை பெயர்கள்

தாம்பரம் இரயில் நிலையத்தின் மேற்கு வாயிலை ஒட்டிய தேநீர்க் கடைகளில் மாலை ஆறு மணிக்கு மேல் நின்றால் ஒரு குரல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "சர்க்கரை இல்லாம ஒண்ணு." கடற்கரையிலிருந்து வந்து சேரும் மின்வண்டி ஒவ்வொன்றும் அக்குரல்களில் சிலவற்றை இறக்கிவிட்டுப் போகிறது. அவ்வாறு கேட்டு வாங்கியவர், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு வாழைக்காய் பஜ்ஜிகளை எடுத்து, செய்தித்தாள் துண்டில் எண்ணெயை ஒற்றி, கடமையைச் செய்து முடித்த முகத்தோடு உண்பதைப் பலநாள் கண்டிருக்கிறோம். கண்டிருக்கிறோம் என்பது பாதி உண்மைதான். சென்ற ஆண்டுவரை அவருள் நாமும் ஒருவர்.

நாற்பத்து நான்காம் வயதில், கல்லூரியில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் நம் இரத்தத்தின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை முன்னிலை, 6.5 ஆனால் நோய் என்றார்கள். அன்றே காப்பியில் சர்க்கரையை விட்டோம். இனிப்புக் கடைப் பக்கம் திரும்பவில்லை. மாணவர் ஒருவர் பணி கிடைத்த மகிழ்ச்சியில் கொண்டுவந்து நீட்டிய மைசூர்பாகைக் கையால் தொட்டு வாழ்த்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 6.6. தேர்வில் தோற்ற மாணவனின் நிலை நமக்கு முதன்முதலாக விளங்கிற்று.

"ஒரு வேளைதாங்க சோறு" என்று மருத்துவர் அம்மையாரிடம் நம் தரப்பை எடுத்துரைத்தோம். அவர் நாள் முழுவதற்குமான பட்டியலைக் கேட்டார். காலையில் இட்லி நான்கு. நண்பகலில் சோறு. மாலையில் அவல் உப்புமா, அல்லது பொரி. இரவில் தோசை; மாறுதலுக்கு இடியாப்பம். எழுதி முடித்தவர் நிமிர்ந்து, "சார், நீங்க தமிழ் வாத்தியார்தானே? இதுல எது அரிசி இல்லை?" என்றார்.

இருபது ஆண்டுகளாகச் சொல்லும் பொருளும் பற்றி வகுப்பெடுத்து வருகிற நமக்கு அக்கேள்வி உறைத்த விதத்தை எழுத்தில் கொண்டுவர இயலாது. ஒரே தானியத்துக்கு நாம் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! சோறு, கஞ்சி, பொங்கல், இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை, அவல், பொரி. ஒரு பொருளைச் சுற்றி இத்தனை சொற்களைப் பெருக்கிய மொழி, அதன் நுட்பங்களை எவ்வளவு ஆழ்ந்து அறிந்திருக்க வேண்டும் என்று பெருமிதம் கொள்ளலாம். கொண்டிருக்கிறோம், மேடைகளில். ஆனால் அச்சொற்கள் நம் கணக்கைக் குழப்பியும் விட்டன. அமாவாசை, கிருத்திகை இரவுகளில் "சாப்பாடு இல்லை, பலகாரம்தான்" என்பது பல இல்லங்களின் வழக்கம். பலகாரம் என்றால் இட்லியோ தோசையோ. சோற்றை விலக்கினால் விரதம் நிறைவேறிவிடும். அரிசியை விலக்க வேண்டியதில்லை. நீரிழிவுக்காரரும் அறியாமலே இந்த விரதத்தைத்தான் மேற்கொள்கிறார். இரவில் சோற்றை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஐந்து தோசை உண்கிறார்.

நோயின் பெயரும் இதற்குத் துணைபோயிற்று. நீரிழிவு என்பது பழைய, நேர்மையான சொல். நீர் மிகுதியாக இழிவதைச் சொல்கிறது, இழிதல் என்றால் இறங்குதல். (கிரேக்கத்தில் டயாபடீஸ் என்ற பெயரும் ஊடே கடந்து போவது என்ற கருத்திலேயே பிறந்தது.) அடையாளத்தைச் சொன்னதேயன்றிக் குற்றவாளியைச் சுட்டவில்லை. பேச்சு வழக்கில் வந்த "சர்க்கரை வியாதி" சுட்டிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் சீனி டப்பாவை மூடிவிடத் தோன்றுகிறது. சோற்றுப் பானையின் பக்கம் ஐயம் எழுவதே இல்லை. இன்னும் வேடிக்கை, சர்க்கரா என்ற வடசொல்லுக்குப் பருக்கைக்கல் என்பதும் பொருள். பெயர்ப் பிழையை ஒரு நோயின் காரணமென்று சொல்வது தமிழாசிரியனின் மிகையாகப் படலாம். ஆனால் நம் தெருவில் நோயுற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இனிப்பே சாப்பிடமாட்டேனே, எனக்கு எப்படி?" என்பதே முதல் வாக்கியமாக வரும்.

கணக்கு எளியது. நலமாக இருக்கும் ஒருவரது உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும், வெறும் வயிற்றில், இருக்கும் குளுக்கோசின் அளவு ஏறத்தாழ ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. மூன்று கிண்ணம் சோறு, அதாவது சுமார் 450 கிராம், உண்டால் அதில் ஏறத்தாழ 120 கிராம் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோசு மணிகளைக் கோத்த சரமேயாதலால், வாயில் உமிழ்நீர் தொடங்கிச் சிறுகுடல் முடிக்கும் வேலை அச்சரத்தை அறுத்துவிடுவதுதான். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட தேக்கரண்டிகள் இரத்தத்தின் வழியே கடந்து போயாக வேண்டும். கணையம் சுரக்கும் இன்சுலின் அவ்வளவையும் தசைக்கும் ஈரலுக்கும் அனுப்பிவிட்டு, இரத்தத்தில் பழையபடி ஒரு தேக்கரண்டியை மட்டும் நிறுத்தி வைக்கிறது. உண்மையில் வியக்கத்தக்க நிர்வாகம். காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைத்து நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, நம் கணையம் இலையில் கிடந்த இருபத்து நான்கோடு போராடிக்கொண்டிருந்தது. நான்கு இட்லியும் ஏறத்தாழ எட்டுக் கரண்டிக்குச் சமம்.

எல்லா மாவுச்சத்தும் ஒரே வேகத்தில் இரத்தத்தில் ஏறுவதில்லை. டொராண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவர் குழுவினரும் 1981இல் அந்த வேகத்தை அளக்க ஓர் அளவுகோலை வகுத்தார்கள். தவிட்டை நீக்கித் தீட்டிய வெள்ளரிசி விரைந்து ஏறும். புழுங்கலரிசி பச்சரிசியைவிடச் சற்று நிதானம். முழுதாக வேகவைத்த பயறு மிக நிதானம். எதையும் நுண்ணிதாக அரைத்துவிட்டால், அது கேழ்வரகேயாயினும், வேகம் கூடிவிடும். கணையத்தின் வேலையில் பாதியை நம் அரவை இயந்திரங்கள் இன்னும் கடினமாக்குகின்றன.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். ஒவ்வொரு குடும்பத்திலும் எழுப்புவதற்கென்றே ஒரு பெரியப்பா இருக்கிறார். "நம்ம தாத்தா மூணு வேளையும் சோறுதான் தின்னார். எண்பது வயசு வரைக்கும் இருந்தார்." தாத்தா இருந்தது உண்மை. மூன்று வேளையும் நெற்சோறு உண்டது பெரும்பாலும் கற்பனை. நம் அன்னையார் மதுராந்தகத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய பேச்சில் "நெல்லுச்சோறு" என்று ஒரு தனிச்சொல் உண்டு. சோறு என்றாலே நெல்லரிசிதான் என்றிருந்தால் அப்படியொரு அடைமொழி தேவைப்பட்டிராது. பொங்கல், தீபாவளி, திருமணம், இவற்றுக்கு நெல்லுச்சோறு. ஏனைய நாள்களுக்குக் கேழ்வரகுக் கூழ், கம்பங்களி. ஏரிப்பாசனமுள்ள செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, நெல்லை நட்டு அறுத்தவர்கள் வீட்டில் இதுதான் நிலை. கி. ராஜநாராயணனின் கரிசல் மனிதர்களைப் படித்தவர்களுக்கு நெற்சோற்றின் அருமை புதிய செய்தியன்று. தாத்தா ஏர் பின்னால் நடந்தவர் என்பதும் கணக்கில் வர வேண்டும். உழைக்கும் தசை இன்சுலினின் கட்டளைக்குக் காத்திராமலேயே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் அன்று நெல் விளைந்த தாழ்நிலங்கள் இன்று மனைப்பிரிவுகள். (அவை தாழ்நிலங்கள்தாம் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தது.) அங்கே வாழ்பவர்கள் இன்று மின்வண்டியிலும் நாற்காலியிலுமாகப் பத்து மணி நேரம் அமர்ந்திருக்கிறார்கள். நாம் உட்பட. உணவு மட்டும் உழவனுடையது, அதுவும் அவனுக்குத் திருநாளில் மட்டும் வாய்த்தது.

சென்னையில் நடந்த அடுத்தடுத்த ஆய்வுகள் இம்மாற்றத்தை எண்ணிக்கையாகத் தருகின்றன. வயது வந்தோரில் நீரிழிவுள்ளவர் 1989இல் நூற்றுக்கு 8.3, 1995இல் 11.6, 2000இல் 13.5; 2004இல் 14.3. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு தமிழகம் முழுமைக்குமே 14.4 என்றது. நகரத்தின் எண்ணாக இருந்தது மாநிலத்தின் எண்ணாகிவிட்டது. நோய்க்கு அரிசி ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் சேரும் கொழுப்பு, மரபு, உறக்கம், உழைப்பின்மை எல்லாம் உண்டு. ஆனால் 2020இல் வெளிவந்த 21 நாட்டு ஆய்வொன்றைக் கவனியுங்கள். 1,32,373 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்ததில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளரிசிச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு மொத்தத்தில் 20 விழுக்காடு மிகுதி. தெற்காசியாவில் மட்டும் பிரித்துப் பார்த்தால் 61 விழுக்காடு. சீனத்திலோ அத்தகைய உயர்வு தெளிவாகத் தென்படவில்லை.

அவர்களும் அரிசி உண்பவர்கள்தாமே? நம்மை வெகுநாள் உறுத்திய கேள்வி இது. உடலமைப்பிலும் உழைப்பிலும் வேறுபாடு இருக்கலாம். நாம் ஐயுறுவது அரிசியின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை. நம் இலையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குன்று, ஓரத்தில் ஒரு சிட்டிகைப் பொரியல். குழம்புச் சோறு, இரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று முறை குன்று எழுகிறது. பொரியல் ஒரே முறைதான். "தொட்டுக்கொள்ள" என்ற சொல்லே காய்கறிக்கும் பருப்புக்கும் நாம் கொடுத்த தகுதியைச் சொல்லிவிடும். அவை உண்பதற்குரியவை அல்ல, தொட்டுக்கொள்வதற்குரியவை.

நம் தொண்டை நாட்டின் பழைய சாப்பாடு இப்படி இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழிநெடுக உணவு சொல்லிக்கொண்டே போகிறார். முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அதனோடு அவரைப் பருப்புப் புழுக்கும். மருதத்தில் வெண்ணெல் சோறும் அதனோடு கோழிப் பொரியலும். நிலம் மாறத் தானியம் மாறுகிறது; தானியத்தோடு ஒரு துணையும் வருகிறது. பண்டைப் புலவர் புரதம் அறிந்து பாடினார் என்று சொல்லும் கூட்டத்தில் நாம் இல்லை. அவர் கண்டதைப் பாடினார். தட்டில் அது இருந்தது, அவ்வளவே.

அண்மைக் காலத்தில் நம்மவர் இதை ஒரு விதமாகப் புரிந்துகொண்டு சிறுதானியத்தின் பக்கம் பாய்ந்திருக்கிறார்கள். 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்டதும் கேம்ப் ரோட்டுக் கடைகளில் வரகுச் சேமியா, தினை பிஸ்கட், கம்பு தோசைமாவு எல்லாம் வந்துவிட்டன. விலையும் அதற்கேற்ப. தவறில்லை, ஆனால் இதுவும் மற்றொரு பெயர்மாற்ற விரதமாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உணவை ஆராய்ந்து 2025இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாம் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. அதன் அளவைக் குறைக்காமல் வெள்ளரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்ததால் நோயின் வாய்ப்பு குறைந்ததாக அதில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஐந்து விழுக்காட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பருப்போ பாற்பொருளோ வைத்தபோதுதான் குறைந்தது. இரவுச் சப்பாத்தியை மருந்தாக நம்பியவர்களுக்கு இது கசப்பான செய்தி. நமக்கும்தான், ஆறு மாதச் சப்பாத்தி நம் கணக்கில் இருந்தது.

ஐந்து விழுக்காடு! புரட்சியே தேவையில்லை, ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி கூட்டை ஏற்றினால் போதும். ஆனால் அந்த ஒரு கரண்டிக் கூட்டு எங்கிருந்து வரும்? இங்கேதான் நம் படித்த வர்க்கத்தின் அறிவுரைகள் சற்று வாய்மூட வேண்டும் என்பது நம் எண்ணம்.

அரிசி இம்மாநிலத்தில் வெறும் தானியமன்று. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி ஆட்சியை மாற்றக் கைகொடுத்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனில் அட்டைக்கு 20 கிலோ விலையில்லா அரிசி. இதை ஏளனம் செய்பவர்கள் பசியை நூலில் படித்தவர்கள். கூழ் குடித்து வளர்ந்தவருக்கு வெள்ளைச் சோறு என்பது ஏறிவந்த படிக்கட்டு. அதில் ஓரடி இறங்கச் சொல்வது மருத்துவமாக அவர்கள் காதில் விழுவதில்லை. நம் அன்னையாருக்கு நோய் உறுதியானபோது தட்டில் சோற்றைக் குறைத்து வைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டம்மாவிடம், "புள்ளை வீட்ல அளந்து போடறாங்க" என்று சொன்னது சுவர் தாண்டி நம் காதுக்கு வந்தது.

ஆகவே அரிசியைப் பறிக்கச் சொல்லவில்லை. ஒரு சிறு வகுத்தல் மட்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 166 கிராம் அரிசி. அதே கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். இரண்டு தேக்கரண்டி. இந்த விகிதந்தான் இலையில் குன்றாகவும் சிட்டிகையாகவும் தெரிகிறது. மேலைத் தாம்பரத்தில் நம் நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கும் பெண்ணுக்குப் புரதத்தின் அருமை தெரியாமல் இல்லை. வெளிச்சந்தைப் பருப்பின் விலைதான் தெரிந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவில் முட்டையும் பயறும் சேர்த்த அரசு, வளர்ந்தவர்களின் பையில் இன்னும் இரண்டு கிலோ பருப்போ கொண்டைக்கடலையோ சேர்க்க இயலாது என்பதை நம்பக் கடினமாயிருக்கிறது. தேர்தல் அறிக்கைகளில் நாம் தேடுவது இப்போது இந்த ஒரு வரியைத்தான். இதுவரை கண்ணில் படவில்லை.

நம் ஊருக்கு இது இன்னொரு வகையிலும் நெருங்கிய செய்தி. 1928இல் டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளர்களுக்காகத் தொடங்கிய சானடோரியம் நம் அடுத்த இரயில் நிறுத்தத்துக்கே பெயராயிற்று. காசம் இல்லாதவனின் நோய், நீரிழிவு இருப்பவனின் நோய் என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுவோம். ஆனால் தமிழகத்தில் காசநோயாளர் 827 பேரைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னொருவர் அதன் முன்னிலையில். நீரிழிவு உடலின் காப்பைத் தளர்த்திக் காசத்துக்கு வாயிலைத் திறக்கிறது. மணிமேகலையில் காயசண்டிகை உண்ட உணவெல்லாம் தீயில் இட்டதுபோல் ஆக, பன்னிரண்டு ஆண்டு பசித்துத் திரிகிறாள். அதற்கு யானைத்தீ என்று பெயர். சாத்தனார் நீரிழிவைத்தான் சொன்னார் என்று நாம் வாதாட மாட்டோம். இரத்தத்தில் சர்க்கரை நிறைந்து வழிய, உள்ளே ஒவ்வோர் அணுவும் பட்டினி கிடக்கும் நிலையை விளக்க அதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை என்பதே.

நம்பிக்கையும் இந்நகரத்திலிருந்தே வருகிறது. நாட்டின் முதல் நீரிழிவு மருத்துவப் பிரிவை 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விசுவநாதன் தொடங்கினார். சென்னையில் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான தடுப்பாய்வில், முன்னிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நோய்க்குள் சென்றனர். உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 விழுக்காட்டினர். மாத்திரை கொடுத்தாலும் ஏறத்தாழ அதே பயன்தான். பிறர் நம்மைப் பார்த்து உடனே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். அவரவர் மருத்துவரைக் கேட்டே செய்தல் நன்று.

நம் வீட்டில் இப்போது வரிசை மாறியிருக்கிறது. முதலில் ஒரு கிண்ணம் சுண்டலோ கூட்டோ, பின்பு கீரை, கடைசியில் சோறு. முந்தைய மூன்று கிண்ணம் ஒன்றரை ஆகியிருக்கிறது, யாரும் அளப்பதில்லை. உண்டபின் சண்முகம் சாலைவரை ஒரு நடை. சென்ற முறை நமக்கு 6.1. அன்னையாருக்கும் குறைந்திருக்கிறது, எண்ணைச் சொல்ல விடமாட்டார். சுண்டலை அவர் மறுப்பதில்லை. "கோயில்ல குடுக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். ஆனால் கடைசியில் ஒரு கைப்பிடி மோர்ச் சோற்றைத் தாமே போட்டுப் பிசைந்து, நம்மைப் பாராமல் உண்கிறார். அந்தக் கைப்பிடியை நாம் கேட்பதில்லை.